யார் தோளில் போகிறோம்?

பூதலூரில் கார் இல்லாமல் வாழ்வதை யாரும் விரதமாகச் சொல்லிக்கொள்வதில்லை. தஞ்சாவூரிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தொலைவில், திருச்சி இருப்புப்பாதையில் இருக்கிற ஊர் அது. காலைப் பாசஞ்சரில் சீசன் டிக்கெட்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குச் சீட்டுப் போடப் போகிறவர்களும் ஏறுகிறார்கள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போக டவுன் பஸ் உண்டு. உள்ளடங்கிய ஊர்களுக்கு மினி பஸ் அல்லது ஷேர் ஆட்டோ. எதுவும் கிடைக்காவிட்டால் தெரிந்தவர் பைக்கின் பின்சீட்டு. நாடு முழுக்கவே இதுதான் நிலவரம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கார் வைத்திருக்கும் வீடுகள் நூற்றுக்கு எட்டைக்கூடத் தொடவில்லை.

ஐரோப்பிய நகரங்களில் காரை விற்றுவிட்டு ரயிலையும் பகிர்வு வண்டியையும் நம்பி வாழ்வதை ஒரு நெறியாகவே கைக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அவர்கள் செய்வதும் பூதலூர்க்காரர் செய்வதும் ஒன்றுதான். அவர்கள் வைத்திருந்ததை விட்டவர்கள். இவரோ வைத்திருந்ததே இல்லை. இருவரும் ஒரே நிறுத்தத்தில் நின்றால் ஒருவருக்குப் புண்ணியமும் மற்றவருக்கு வெறும் தாமதமும்தான் மிஞ்சுமா? இல்லாததைத் துறக்க முடியுமா?

கார் என்றொரு பொருள் வருவதற்கு வெகு காலம் முன்பே சமயங்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினய பிடகத்தில் வண்டிக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பிக்குகளில் ஒரு கூட்டத்தார் வண்டியேறிப் போனதைக் கண்ட ஊரார், ஏதோ திருவிழாவுக்குக் கிளம்பியது போலப் போகிறார்களே என்று முகம் சுளித்தார்கள். பிக்குகள் வண்டியேறக் கூடாது என்று புத்தர் விதித்தார். பின்னர், அவரைக் காணப் புறப்பட்ட ஒரு பிக்கு நோயால் நடக்க முடியாமல் வழியோரம் உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் வண்டியில் ஏறச் சொன்னார்கள். விதி இருக்கிறது என்று அவர் மறுத்துவிட்டார். செய்தி எட்டியதும், நோயாளிக்கு வண்டி உண்டு என்று விதி தளர்ந்தது. வண்டியின் குலுக்கல் இன்னொருவருக்கு நோவைக் கூட்டியபோது சிவிகைக்கும் அனுமதி கிடைத்தது. விதி ஒன்று, விலக்கு இரண்டு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உடம்பு பட்ட பாட்டிலிருந்து பிறந்தது.

சமணம் இன்னும் கண்டிப்பானது. காலடியில் நசுங்கும் சிற்றுயிருக்கே கணக்குச் சொல்ல வேண்டிய துறவி, பிறர் உழைப்பில் உருளும் சக்கரத்தில் எப்படி ஏறுவார்? சமண முனிவர்கள் இன்றைக்கும் ஊர் விட்டு ஊர் நடந்தே போகிறார்கள். நெடுஞ்சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போக, வெள்ளை ஆடையோடு ஓரமாக நடக்கும் பெண் துறவிகளான சாத்விகளைப் பார்க்காத ஓட்டுநர் குறைவு. அங்கும் ஒரு வாசல் திறந்தது. தேராபந்தப் பிரிவின் ஆச்சாரியர் துளசி 1980இல் சமண், சமணி என்றொரு புதிய நிலையை ஏற்படுத்தி, அவர்கள் மட்டும் வாகனத்தில் ஏறலாம், கடல் கடந்தும் போகலாம் என்றார். முழுத் துறவிக்கு அந்தச் சலுகை இல்லை.

இரண்டு மரபுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. வண்டி உனக்குச் சொந்தமா என்பது அவற்றின் முதல் கவலை இல்லை. நீ போவதற்காக யார் வருந்துகிறார்கள் என்பதுதான் அவை பிடித்துக்கொண்ட நூல். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் பூதலூர்ப் பக்கத்திலேயே ஒரு கதை கிடைக்கிறது.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கண்டியூர் போகிற சாலையில் இருக்கிறது திருப்பூந்துருத்தி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்வது இது: மதுரையிலிருந்து திரும்பிய திருஞானசம்பந்தர், அங்கே மடம் அமைத்துத் தங்கியிருந்த, அப்பர் எனப்படும் திருநாவுக்கரசரைக் காண வருகிறார். அவர் வருவது முத்துச் சிவிகையில். செய்தி கேட்டு எதிர்கொள்ளப் போன அப்பர், கூட்டத்துக்குள் புகுந்து, யாருக்கும் தெரியாமல் சிவிகை தாங்குவோரில் ஒருவராகிவிடுகிறார். ஊரை நெருங்கியதும் அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்கிறார். உம்மைத் தாங்கி வரும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்று கீழேயிருந்து பதில் வருகிறது. சம்பந்தர் பதறிக் குதித்து வணங்கப் போக, அவருக்கு முன்பே அப்பர் வணங்குகிறார். அதன் பிறகு இருவரும் சேர்ந்தே ஊருக்குள் போகிறார்கள்.

மேலே இருப்பவர் சிறுவர், தாங்குபவர் முதியவர். இந்த முதியவர்தான் கயிலைக்கு நடந்து, கால் தேய்ந்த பின் கையால் ஊன்றி, அதுவும் ஓய்ந்தபின் மார்பால் தவழ்ந்து, கடைசியில் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தவர் என்று ஆடி அமாவாசைதோறும் அந்த ஊர் கொண்டாடுகிறது. சம்பந்தர் சிவிகை பெற்றதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் தந்தை சிவபாத இருதயர் தோளில் சென்ற பிள்ளை, திருவரத்துறைக்குப் போகும்போது தந்தையின் தோளை மறுத்துத் தன் காலால் நடந்தது. பாதம் நொந்த பிறகே சிவிகை கிடைத்தது. தந்தை தோளின் வருத்தம் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அப்பர் குரல் கேட்டதும் அது அப்படிப் பதறியதற்கு இந்தப் பழைய நினைவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

கதையில் சிவிகை குற்றவாளி ஆக்கப்படவில்லை. அதை உடைத்துப் போடவும் இல்லை. தாங்குபவர் முகம் தெரிந்த கணத்தில் ஏறியிருந்தவரால் ஏறியிருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இதே கேள்வி 2022இல் கோட்டாட்சியர் அலுவலகக் கோப்பாக வந்தது. மயிலாடுதுறை தருமபுரம் ஆதீனத்தின் பட்டினப் பிரவேசத்தில் குருமகா சந்நிதானத்தைப் பல்லக்கில் வைத்து ஆட்கள் சுமந்து வருவது வழக்கம். மனிதரை மனிதர் சுமப்பது கண்ணியத்துக்கு ஒவ்வாது என்ற எதிர்ப்பின் பேரில் கோட்டாட்சியர் பல்லக்குக்குத் தடை போட்டார். ஆதீனங்கள் கொதித்தன. சுமப்பது குருவுக்குச் செய்யும் தொண்டு, யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றார்கள். மே மாதம் தடை விலகியது, 22ஆம் தேதி பிரவேசமும் நடந்தது. விரும்பிச் சுமந்தால் அது அடிமைத்தனமா, மறுக்க முடியாதவரின் விருப்பம் விருப்பமா என்று தொலைக்காட்சிகள் சில நாள் விவாதித்தன. அந்த விவாதத்துக்குக் கார்களில் வந்து இறங்கியவர்கள் எவரிடமும், உங்களை யார் சுமந்து வந்தது என்று எந்த நெறியாளரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் பதில் நீளமாக இருந்திருக்கும். பல்லக்கைச் சுமப்பவர்களின் கழுத்து நரம்பு கண்ணுக்குத் தெரியும். காரைச் சுமப்பவர்கள் தெரிவதில்லை. சாலைக்காக வயலைக் கொடுத்தவர் அவர்களில் ஒருவர். 2022இல் திருவையாறு புறவழிச்சாலைக்காகக் கண்டியூர்ப் பக்கம் பயிர் நின்ற வயல்களில் மண் கொட்டத் தொடங்கியபோது விவசாயிகள் வயலில் இறங்கித் தடுத்தார்கள். அப்பர் தோள் கொடுத்த திருப்பூந்துருத்தி அங்கிருந்து நடக்கிற தூரம். சாலையோரம் நடக்கிறவர் இன்னொருவர். அந்த ஒரே ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள், எதிலும் ஏறாமல் போனவர்கள்.

பூதலூர்ச் சாலையில் தஞ்சாவூரை ஒட்டி இருக்கும் களிமேட்டையும் இந்தக் கணக்கில் விட்டுவிட முடியாது. அதே 2022இல், ஏப்ரல் 27 விடியற்காலையில், அங்கே அப்பர் சதய விழாத் தேர் திரும்பும்போது உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. பதினோரு பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். அண்மையில் போட்ட சாலையால் தரைமட்டம் உயர்ந்திருந்தது காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. ஊர் ஒரு வாகனத்தைத் தன் கையால் இழுத்துச் சென்ற இரவு அது. சாலையின் உயரத்தை யாருக்காக அளந்தார்கள் என்ற கேள்வி அதன் பிறகும் அங்கே உயிரோடு இருக்கிறது.

அப்படியானால் பஸ்ஸும் ரயிலும் குற்றமற்றவையா? நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரை இந்தப் பாதை போட்டு முடிந்தது 1862இல். நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் பெரிய கோயிலுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போகிறவர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே பெட்டியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் யார் உட்காருவார் என்பதைப் பயணி தேர்ந்தெடுக்க முடியாது. அந்த இயலாமைதான் பொதுப் போக்குவரத்து இந்த நாட்டுக்குச் செய்த பெரிய நன்மை. ஆனால் அது தானாக வரவில்லை. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கென்று தனியிடம் ஒழிந்தது பெரியாரும் நீதிக்கட்சியும் போராடிய பிறகு, 1941இல். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்த தனியார் பஸ் முதலாளிகளிடம், ஏற்றாவிட்டால் உரிமம் போகும் என்று ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த சௌந்தரபாண்டியனார் சொல்ல வேண்டியிருந்தது.

வண்டி இல்லாத வாழ்வைப் போற்றுகிறவர்கள் அம்பேத்கர் எழுதிய ஒரு சம்பவத்தைத் தாண்டிப் போக முடியாது. 1929இல் விசாரணைக் குழு வேலையாகப் போன அவரை சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் மகர் சமூகத்து மக்கள் வரவேற்றார்கள். இரவு தங்கள் குடியிருப்பில் தங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். விருந்தாளியை நடக்கவிடுவது அவருக்கு மரியாதை இல்லை என்று குதிரை வண்டி பேசப் போனால், தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்ட எந்த வண்டிக்காரரும் தயாராக இல்லை. வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறோம், ஆள் வரமாட்டோம் என்றார்கள். ஓட்டிப் பழகாத ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் கல் தளத்தில் தூக்கியெறியப்பட்டார். குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. பாரிஸ்டர் பட்டம் பெற்றவர் கால் முறிந்து பல நாள் படுத்திருந்தார்.

பிறர் வண்டியை நம்பி வாழ்வது பணிவு, பற்றறுத்தல் என்றெல்லாம் பேசுவது, ஏற்றிக்கொள்ள எல்லாரும் தயாராக இருக்கும் உலகத்தில் நிற்கிற பேச்சு. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கி, தன் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த சாலையிலேயே ஓட்டிப் போனார். அவர் வாங்கியதை உடைமைப் பற்று என்று எந்தச் சமயமும் சொல்லாது. டெல்டாவிலும் காலனியைச் சேர்ந்த இளைஞர் முதல் பைக்கோ பழைய காரோ வாங்கும்போது, அந்தச் சாவியில் பெட்ரோல் செலவு மட்டுமா இருக்கிறது? இனி யாரிடமும் கேட்டு நிற்க வேண்டாம் என்பதும் இருக்கிறது.

கேட்டு நிற்பதன் கூச்சம் இலவசத்திலும் ஒட்டிக்கொள்கிறது. 2021 மே 7 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் கோப்புகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். நடவுக்கும் களையெடுக்கவும் போகிற பெண்கள், கீரைக் கூடையோடு சந்தைக்குப் போகிறவர்கள், பெற்ற மகளைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் கையில் காசு இருக்கிறதா என்று யோசிக்காமல் கிளம்ப முடிந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஓர் அமைச்சர் மேடையில் இதை ‘ஓசி’ என்று சொல்லப்போக, பெரிய சர்ச்சை ஆனது. அந்தச் சொல் சுட்டதற்குக் காரணம் உண்டு. தீப்பெட்டி முதல் சோப்பு வரை வரி கட்டுகிற பெண், தான் யார் தோளிலும் ஏறிப் போகவில்லை என்று அறிந்தவர். அந்த பஸ்ஸைத் தாங்கும் தோள்களில் அவருடையதும் ஒன்று.

ஏறுகிறவருக்கும் தாங்குகிறவருக்கும் இடையிலான கோடு திருப்பூந்துருத்திக் கதையிலும் அழிந்துதான் போகிறது. பூதலூர் விவசாயிக்கு இதைக் கதை சொல்லி விளக்க வேண்டியதில்லை. கல்லணையில் தண்ணீர் தட்டினால் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்து விடுகிறார்கள். வாய்க்கால் மட்டத்திலும் அப்படியே. பக்கத்து வயலுக்குப் பாயும்போது தன் மடையை அடைத்துக்கொண்டு வரப்பில் நிற்பவர், இன்னும் சில மணி நேரத்தில் பாய்ச்சுகிறவர் ஆகிவிடுவார். தண்ணீர் யாருக்கும் சொந்தம் இல்லை, முறை எல்லாருக்கும் சொந்தம். முறையை நம்பலாம் என்கிற வரையில்தான் காத்திருக்க முடியும். கடைமடைக்காரர் மேலே இருப்பவரை நம்பாமல் போய்விட்டால் ஆளுக்கொரு ஆழ்குழாய்க் கிணறு போடுகிறார். பஸ் வராத ஊரில் ஆளுக்கொரு பைக் வருவதும் இதே கணக்குதான்.

காத்திருப்பதைத் தவமாக்கிப் பேசுகிறவர்களுக்கு அந்தக் கடைமடைக்காரர் ஒரு எச்சரிக்கை. அவர்கள் பேச்சுக்கு வலுச் சேர்ப்பது போல, கத்தோலிக்கக் குருவாக இருந்த இவான் இல்லிச் 1970களில் ஒரு கணக்குப் போட்டார். ஓர் அமெரிக்கர் காரை ஓட்டவும், அதை வாங்கச் சம்பாதிக்கவும், பெட்ரோலும் காப்பீடும் அபராதமும் கட்டவும் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் செலவிடுகிறார். அதில் அவர் கடக்கிற தூரம் 7,500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைல்கூட வரவில்லை, நடப்பதைவிடச் சற்றே அதிகம். கணக்கு அழகானது, கார்க்காரரை வாயடைக்க வைப்பது. ஆனால் அது காத்திருக்கிறவர் பக்கத்துக் கணக்கைச் சொல்வதில்லை. கடைசி டவுன் பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்கத் தஞ்சாவூர்த் துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், முதலாளி விடுவாரா, இறங்குமிடத்திலிருந்து வீட்டுக்கு இருட்டில் யார் துணை? பாசஞ்சர் வண்டியை ஓரங்கட்டி எக்ஸ்பிரஸை முதலில் விடும்போது அந்த நிமிடங்கள் யாருடைய ஆயுளிலிருந்து போகின்றன? காத்திருப்பவர் எப்போதும் அதே ஆளாக இருந்தால் அதை முறை என்று சொல்ல முடியாது. 2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டத்தைத் தஞ்சாவூரிலிருந்து முதலமைச்சர் தொடங்கி வைத்தார். பஸ்ஸே பார்க்காத ஊர்களை இணைப்பதுதான் அதன் நோக்கம். அது முறை ஒழுங்காக வரும் என்ற நம்பிக்கையைக் கிராமங்களுக்குக் கொடுக்குமா என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும்.

இங்கே சாமியும் காத்திருக்கிறார் என்று சொல்லலாம். ஒவ்வொரு தெய்வத்துக்கும் சொந்தமாக வாகனம் உண்டு. காளை, மயில், கருடன், மூஞ்சூறு என்று கோயில்களில் அவற்றுக்குத் தனி மண்டபமே இருக்கிறது. ஆனால் அந்த வாகனம் ஒரு அடி நகர வேண்டுமானாலும் ஊர் தோள் கொடுக்க வேண்டும். சித்திரையில் திருவையாற்று ஏழூர் விழாவில் ஐயாறப்பர் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றி வரும்போது, ஒவ்வொரு ஊர்ச் சுவாமியும் தன் பல்லக்கில் சேர்ந்துகொள்கிறார். தூக்க ஆள் கிடைக்காத ஊர்களில் சுவாமி இப்போது டிராக்டரில் வருகிறார். பக்தர்கள் அதை அபசாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் குறைந்ததைப் பற்றித்தான் அங்கலாய்க்கிறார்கள்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் பூண்டி மாதா பேராலயத்துக்கு வருகிற வேன்களிலும், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் பின்னால் மெதுவாக ஊர்கிற வேன்களிலும், பல குடும்பங்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்ட வாடகைதான் ஓடுகிறது. நடக்க முடியாதவர், கைக்குழந்தைக்காரி, அரிசி மூட்டை, தண்ணீர் கேன் எல்லாம் அதில் ஏறும். கால் கொப்பளித்தவர் ஒரு மணி நேரம் ஏறி உட்கார்ந்துவிட்டு மறுபடி இறங்கி நடப்பார். வினய பிடகத்தின் விலக்கை இவர்கள் படித்ததில்லை. தேவைப்பட்டபோது தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். வத்திக்கான் 2007இல் வாகன ஓட்டிகளுக்கென்று பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. கார் அதிகாரத்தின் வெளிப்பாடாக ஆகிவிடக் கூடாது என்பது அதில் ஒன்று. ஐம்பது பேர் நடையின் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு முதல் கியரில் ஊர்கிற அந்த வேனை அந்தக் கட்டளைக்கு உதாரணமாகவே காட்டலாம்.

காரைப் பகிர்ந்துகொள்வது புது யோசனையும் இல்லை. 1948இல் சூரிச்சில் தனித்தனியாகக் கார் வாங்க வசதி இல்லாதவர்கள் சேர்ந்து ‘செஃபாகே’ என்ற பெயரில் ஒரு கூட்டு அமைத்தார்கள். 1987இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய இரண்டு கூட்டுறவு அமைப்புகள் பத்தாண்டு கழித்து இணைந்து ‘மொபிலிட்டி’ ஆயின. வண்டி அங்கே சங்கத்துக்குச் சொந்தம். உறுப்பினருக்கு இருப்பது முறை மட்டும். இந்தியாவில் 2013இல் பெங்களூரில் தொடங்கிய ஜூம்கார் வண்டியை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. 2015இல் வந்த பிளாப்ளாகார், ஊருக்குப் போகும் கார்க்காரரின் காலி சீட்டை முன்பின் தெரியாதவருக்குக் காட்டுகிறது.

பூதலூர்ப் பக்கம் செயலி இல்லாமலே இது நடக்கிறது. “தம்பி, காலைல தஞ்சாவூர் போறியாமே, அம்மாவ மெடிக்கல்ல இறக்கி விட்டுடுறியா? பெட்ரோலுக்குக் குடுத்துடுறேன்” என்பார் ஒருவர். “அதெல்லாம் எதுக்குச் சித்தப்பா, ஏறச் சொல்லுங்க” என்று பதில் வரும். பிறகு அந்தச் சித்தப்பா வீட்டிலிருந்து ஒரு குலை வாழைக்காயோ ஒரு படி உளுந்தோ போகும். காசு வாங்கினால் உறவு கெடும், வாங்காமலே இருந்தால் கேட்கிறவர் கூசிப்போவார். இரண்டுக்கும் நடுவில் உளுந்து வழி கண்டுபிடிக்கிறது. ஆனால் சித்தப்பா என்று கூப்பிட முடியாத தெருவிலிருந்து ஒருவர் அப்படிக் கேட்பது இன்றைக்கும் அரிது. கேட்டால் சீட்டு இருக்காது, பின்பக்கம் சாமான் ஏற்றியிருக்கும்.

சட்டம் இந்த உளுந்தை அறியாது. அதன் கண்ணுக்கு வெள்ளைப் பலகை சொந்த வண்டி, மஞ்சள் பலகை வாடகை வண்டி, கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகைக்கு எடுப்பவரே ஓட்டும் வண்டி. வெள்ளைப் பலகைக்காரர் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினால் அது விதிமீறல். விபத்து ஆகிவிட்டால் காப்பீட்டிலும் சிக்கல். ஊரில் நள்ளிரவில் பிரசவ வலியோ நெஞ்சு வலியோ வந்தால் 108க்கு அடிக்கிறார்கள். 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்த அந்த எண்தான் நோயாளிக்கு வண்டி உண்டு என்ற பழைய விதியின் இன்றைய வடிவம். அது வர நேரமாகும் என்று தோன்றினால் கார் வைத்திருக்கிறவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். கார் வாங்கியவர் அன்றிலிருந்து ஊருக்கு அரை டிரைவர். சொந்தமாக்கிக்கொண்டதாலேயே அவர் சுமக்கிறவர் ஆகிவிடுகிறார்.

இதை ஒருவர் தலையில் விடாமல் முறையாக்க டெல்டாவில் அமைப்பு இல்லாமல் இல்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல ஊர்களில் டிராக்டரையும் உழவுக் கருவிகளையும் வாடகைக்கு விடுகின்றன. உழவுக்கு ஒரு நியாயம், ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் வேறு நியாயம் என்று இருக்க வேண்டியதில்லை. உறுப்பினர் பெயரில் ஏழு சீட் வண்டி ஒன்றைச் சங்கம் வாங்கினால் கடனும் வரவும் எழுத ஆள் இருக்கிறது, சாவி மாட்ட ஆணியும் இருக்கிறது. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் டீசல் விலையும் பேட்டரியும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்க, இரவு இரண்டு மணிக்குச் சாவி யார் வீட்டில் இருக்கும், அந்த வீட்டுக் கதவை எல்லாத் தெருக்காரரும் தட்டலாமா, ஒரே இரவில் இரண்டு தெருவிலிருந்து ஆள் வந்தால் வண்டி எந்தத் தெருவுக்கு முதலில் போகும் என்பதற்குப் போகும். அதற்கு அவர்கள் எழுதுகிற தீர்மானத்தை ஆதீனங்களும் கோட்டாட்சியர்களும் ஒருமுறை வாங்கிப் படிக்கலாம்.